பிஆர் முடிவு வரும்வரை கனடாவில் வேலை அனுமதியைக் கைநழுவ விடாமல் இருப்பது எப்படி?

கனடாவில் நிரந்தர வசிப்புரிமைக்கு, அதாவது பிஆருக்கு, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பலர் நினைப்பது இதுதான்: "ஃபைல்தான் உள்ளே போய்விட்டதே, இனி வேலைக்கு என்ன பிரச்சினை?" பிரச்சினை இருக்கிறது. பிஆர் விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் மட்டும் இங்கே வேலை பார்க்கும் உரிமை வந்துவிடாது. பிஆர் ஒரு தடம், வொர்க் பெர்மிட் வேறொரு தடம். முதல் தடத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாவதில் பெர்மிட் முடிந்து, சம்பளம் நின்றுபோனவர்கள் உண்டு.

கையில் இருக்கும் பெர்மிட் முடியும் நாளுக்கு முன்னால் ஐஆர்சிசியிடம், அதாவது குடிவரவுத் துறையிடம், நீங்கள் என்ன சமர்ப்பித்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாம். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிடுங்கள்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி (புள்ளிகளை வைத்து ஆட்களை அழைக்கும் மத்திய அரசின் முறை) வழியாகவோ, ஒரு மாகாணமே பிஆருக்குப் பரிந்துரைக்கும் மாகாண நாமினேஷன் (பிஎன்பி) வழியாகவோ விண்ணப்பித்தவர்களுக்கானது. கணவன் அல்லது மனைவி ஸ்பான்சர் செய்திருந்தால் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது. கியூபெக் தனி உலகம், அட்லாண்டிக் மாகாணங்களின் திட்டத்துக்கும் சொந்த பெர்மிட் விதிகள் உண்டு. அங்கே இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் மூன்று தேதிகளை எழுதி வையுங்கள்

ஒன்று, வொர்க் பெர்மிட் காலாவதியாகும் தேதி. இதைப் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவில் தேடாதீர்கள். விசா, நாட்டுக்குள் நுழைய. பெர்மிட் என்பது தனித் தாள். வேலை பார்க்கும் உரிமை அதில் இருக்கும் தேதியோடுதான் முடிகிறது. விசா முடிந்து பெர்மிட் உயிரோடு இருக்கலாம், மறுபடி நுழைய வேண்டிய தேவை வராதவரை பாதகமில்லை. விசா இருந்து பெர்மிட் முடிந்துபோனால்தான் சிக்கல்.

இரண்டு, பாஸ்போர்ட் காலாவதி. பாஸ்போர்ட் தேதியைத் தாண்டி யாருக்கும் பெர்மிட் தரமாட்டார்கள். எட்டு மாதத்தில் முடியப்போகும் பாஸ்போர்ட்டை வைத்து விண்ணப்பித்தால் எட்டு மாதத்துக்குத்தான் பெர்மிட் கிடைக்கும். மீண்டும் அதே அலைச்சல், அதே கட்டணம். இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பிஎல்எஸ் மையம் வழியாகவும், இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் டொராண்டோவில் இருக்கும் துணைத் தூதரகம் அல்லது ஒட்டாவா தூதரகம் வழியாகவும் முன்கூட்டியே புதுப்பித்துவிடுங்கள்.

படித்து முடித்தபின் தரும் பெர்மிட்டில் (பிஜிடபிள்யூபி) இருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். மூன்று ஆண்டுக்குத் தகுதி இருந்தும், அன்றைக்குப் பாஸ்போர்ட் குறுக்கே நின்றதால் இரண்டு ஆண்டுக்கோ அதற்கும் குறைவாகவோ மட்டும் தந்திருக்கலாம். அப்படியானால், புதிய பாஸ்போர்ட்டோடு விண்ணப்பித்து மிச்ச காலத்தைக் கேட்டு வாங்க முடியும். பிஜிடபிள்யூபி வாழ்நாளில் ஒருமுறைதான், நீட்டிப்பு கிடையாது என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது உண்மைதான், பாஸ்போர்ட்டால் வெட்டுப்பட்ட காலம் மட்டும் அதற்கு விதிவிலக்கு. இது தெரியாமலே வேலையை விட்டவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது, உங்கள் ஏஓஆர் தேதி. பிஆர் விண்ணப்பம் கிடைத்தது, முழுமையாக இருக்கிறது என்று ஐஆர்சிசி அனுப்பும் கடிதத்தைத்தான் எல்லோரும் ஏஓஆர் என்கிறோம். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் அழைப்பு (ஐடிஏ) வந்தபின் விண்ணப்பிக்க 60 நாள் அவகாசம். பெர்மிட் சீக்கிரம் முடியப்போகிறது என்றால் அந்த 60 நாளையும் சாவகாசமாகப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் சான்றிதழ், வேலை அனுபவக் கடிதங்கள், மெடிக்கல் எல்லாம் அழைப்பு வரும் முன்பே கையில் இருக்கட்டும். 2025 ஆகஸ்ட் 21 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் மெடிக்கலையும் விண்ணப்பத்தோடேயே முடித்துக் காட்ட வேண்டும்.

கடிதம் வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். "சமர்ப்பித்துவிட்டீர்கள், நன்றி" என்று கணினி தானாக அனுப்பும் உறுதிப்படுத்தல் வேறு, விண்ணப்பம் முழுமைச் சோதனையைத் தாண்டிவிட்டது என்று சொல்லும் கடிதம் வேறு. அடுத்த படிக்கு வேண்டியது இரண்டாவது.

பிரிட்ஜிங் பெர்மிட் யாருக்குக் கிடைக்கும்?

இந்த இடைவெளியைக் கடக்கவென்றே இருப்பதுதான் பிரிட்ஜிங் ஓபன் வொர்க் பெர்மிட். பெயரில் இருப்பது போலவே ஓபன். எந்த நிறுவனத்திலும் வேலை பார்க்கலாம். எல்எம்ஐஏ, அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு வைக்க முதலாளி அரசிடம் வாங்கும் ஒப்புதல், வேண்டாம்; வேலை வாய்ப்புக் கடிதமும் வேண்டாம்.

நீங்கள் பிஆர் விண்ணப்பத்தின் முதன்மை விண்ணப்பதாரராக இருக்க வேண்டும். விண்ணப்பம் முழுமைச் சோதனையைத் தாண்டி, இன்னும் முடிவாகாமல் இருக்க வேண்டும். கியூபெக்குக்கு வெளியே வாழும் எண்ணம் வேண்டும் (கியூபெக் தேர்வுச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குத் தனி ஏற்பாடு). இவற்றோடு, உங்களிடம் செல்லுபடியாகும் வொர்க் பெர்மிட் இருக்க வேண்டும். அல்லது நீட்டிப்புக்கு விண்ணப்பித்து வேலை உரிமையோடு காத்திருக்க வேண்டும். அல்லது தொழிலாளர் அந்தஸ்தை மீட்டுக்கொள்ளும் 90 நாளுக்குள் இருக்க வேண்டும்.

இந்தத் தொழிலாளர் அந்தஸ்து விஷயத்தில்தான் நிறையப் பேர் இடறுகிறார்கள். பெர்மிட் முடியப்போகிறது, ஏஓஆர் வரவில்லை, பதற்றத்தில் "விசிட்டராக மாறிக்கொள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். விசிட்டராக மாறினால் நாட்டில் இருக்கலாம், சரி. ஆனால் வேலை பார்க்க முடியாது. நாளைக்கு ஏஓஆர் வந்தாலும் பிரிட்ஜிங் பெர்மிட்டுக்குத் தேவையான தொழிலாளர் அந்தஸ்து உங்களிடம் இருக்காது. வேறு எந்த வழியும் இல்லை என்றால் மட்டும் தொட வேண்டிய கதவு அது.

பிஎன்பி வழியில் வந்தவர்கள் நாமினேஷன் கடிதத்தை எடுத்து ஒரு வரியைத் தேடுங்கள்: குறிப்பிட்ட முதலாளியிடம்தான் வேலை பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கிறதா? இருந்தால் பிரிட்ஜிங் பெர்மிட் கிடைக்காது. அவர்களுக்கு வேறு வழி உண்டு, பின்னால் வருகிறேன்.

விண்ணப்பத்தைப் போடும்போது

ஐஆர்சிசி இணையக் கணக்கில், கனடாவுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். முன்பெல்லாம் அமெரிக்க எல்லை வரை காரில் போய், திரும்பி, அங்கேயே பெர்மிட் வாங்கி வருவார்கள், ஃபிளாக்போலிங் என்பார்கள். 2024 டிசம்பர் 23 இரவோடு அந்த வழியைப் பெரும்பாலானவர்களுக்கு மூடிவிட்டார்கள். பழைய யூடியூப் வீடியோ பார்த்துக்கொண்டு நயாகரா பக்கம் வண்டியைத் திருப்பாதீர்கள்.

நிரப்ப வேண்டியது ஐஎம்எம் 5710 என்ற படிவம். உள்ளே இருந்துகொண்டே நிபந்தனையை மாற்றவோ தொழிலாளராகத் தங்குவதை நீட்டிக்கவோ பயன்படுவது. பெர்மிட் வகையைக் கேட்கும் இடத்தில் ஓபன் வொர்க் பெர்மிட்டைத் தேர்ந்தெடுங்கள். கட்டணம் பெர்மிட்டுக்கு 155 டாலர், ஓபன் பெர்மிட் என்பதற்காக 100 டாலர்; மொத்தம் 255 கனடிய டாலர். அந்த 100ஐக் கட்ட மறந்து விண்ணப்பம் திரும்பி வருவது நடக்கும் சங்கதிதான். ரசீதைப் பார்த்து இரண்டு தொகையும் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

சேர்க்க வேண்டியவை: பாஸ்போர்ட்டின் பக்கங்கள், இப்போதைய பெர்மிட், ஏஓஆர் கடிதம், பிஎன்பி என்றால் நாமினேஷன் கடிதம், புகைப்படம். மெடிக்கல் முடித்திருந்தால் அதற்கான தாளையும் சேருங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. மெடிக்கல் இல்லாமல் தரும் ஓபன் பெர்மிட்டில், குழந்தைகள் பராமரிப்பு, பள்ளிக்கூட ஆசிரியர் வேலை, மருத்துவத் துறை வேலை ஆகியவை கூடாது என்று அச்சடித்துவிடுவார்கள். டேகேரிலோ முதியோர் இல்லத்திலோ வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்த ஒரு வரி போதும், பெர்மிட் கையில் இருந்தும் வேலை இல்லாமல் போக.

சில நேரம் கணினி உருவாக்கும் ஆவணப் பட்டியல், உங்களுக்குப் பொருந்தாத ஒன்றைக் கேட்கும். வேலை வாய்ப்புக் கடிதம் கொடு என்று நிற்கும். அந்த இடத்தில் ஏஓஆரையும், ஒரு பக்க விளக்கக் கடிதத்தையும் ஒரே பிடிஎஃப்பாக்கி அப்லோடு செய்யலாம். "கிளையன்ட் இன்ஃபர்மேஷன்" என்ற விருப்பப் பகுதி இருந்தால் விளக்கக் கடிதத்தை அங்கேயும் போடுங்கள். கடிதத்தில் கதை வேண்டாம். நான் பிரிட்ஜிங் பெர்மிட் கேட்கிறேன், என் பிஆர் விண்ணப்ப எண் இது, இன்ன பிரிவில் விண்ணப்பித்தேன், ஏஓஆர் இந்தத் தேதி, இப்போதைய பெர்மிட் இந்தத் தேதிவரை, ஆவணங்கள் இந்த வரிசையில் இணைக்கப்பட்டுள்ளன: இவ்வளவுதான். அதிகாரி பத்து வினாடியில் புரிந்துகொள்ள வேண்டும்.

கடைசி நாள் இரவு வரை தள்ளிப்போடாதீர்கள். தளம் பராமரிப்புக்காக மூடும், கார்டு நிராகரிக்கப்படும், ஃபைல் அளவு பெரிது என்று அடம்பிடிக்கும். ஏஓஆர் கையில் இருந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

பெர்மிட் முடிந்துவிட்டது, புதியது வரவில்லை: அப்போது வேலை பார்க்கலாமா?

பார்க்கலாம், நிபந்தனைகளோடு. இதற்குப் பெயர் மெயின்டெய்ன்டு ஸ்டேட்டஸ். பெர்மிட் முடியும் முன்பே புதிய பெர்மிட்டுக்கு விண்ணப்பித்திருந்தால், முடிவு வரும்வரை பழைய பெர்மிட்டின் அதே நிபந்தனைகளோடு வேலையைத் தொடரச் சட்டம் அனுமதிக்கிறது.

"அதே நிபந்தனைகளோடு" என்ற இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். பழையது பிஜிடபிள்யூபி போன்ற ஓபன் பெர்மிட் என்றால் எங்கே வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். பழையது ஒரே முதலாளிக்கான குளோஸ்டு பெர்மிட் என்றால், ஓபன் பெர்மிட் கேட்டுத்தான் விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்றாலும், அது கைக்கு வரும்வரை அதே முதலாளி, அதே வேலை, அதே ஊர்தான். "ஓபனுக்குப் போட்டுவிட்டேனே" என்று வாரக் கடைசியில் இன்னொரு கடையில் ஷிஃப்ட் எடுத்தால் அது அனுமதியில்லாத வேலை.

அடுத்தது பயணம். இந்தச் சலுகை நாட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான். பெர்மிட் முடிந்து காத்திருக்கும் காலத்தில் அக்கா கல்யாணம் என்று ஊருக்குப் போய்த் திரும்பினால், விசா இருந்தால் விசிட்டராக உள்ளே விடலாம். ஆனால் புதிய பெர்மிட் வரும்வரை வேலையைத் தொட முடியாது. போகத்தான் வேண்டும் என்றால், வேலையில்லாமல் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.

மூன்றாவது, மேலே மேலே விண்ணப்பம் போடுவது. பெர்மிட் முடியும் முன் எதையாவது போட்டுவிட்டு, அந்த நிழலில் இருந்துகொண்டே அடுத்ததைப் போடலாம் என்று ஒரு உத்தி பரவலாக உலவுகிறது. ஐஆர்சிசி 2025இல் இதைத் தெளிவுபடுத்தியது: முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அதோடு மெயின்டெய்ன்டு ஸ்டேட்டஸ் முடிந்தது, பெர்மிட் முடிந்தபின் போட்ட இரண்டாவது விண்ணப்பம் உங்களைத் தாங்கிப் பிடிக்காது. ஆகவே முதலில் போடுவது தகுதியுள்ள, நேர்மையான விண்ணப்பமாக இருக்க வேண்டும். ஏஓஆர் இல்லாமலே பிரிட்ஜிங் பெர்மிட்டுக்குப் போட்டு நேரம் வாங்கப் பார்ப்பதெல்லாம் இந்த விதியில் நேராகப் போய் மோதும்.

ஹெச்ஆருக்கு என்ன காட்டுவது?

விதி உங்களுக்குத் தெரிந்தால் போதாது, சம்பளம் போடுபவருக்கும் தெரிய வேண்டும். பெரும்பாலான நிறுவனங்களில் பெர்மிட் முடியும் தேதியைக் கணினியில் ஏற்றி வைத்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை பெர்மிட் முடிந்தால் திங்கள் காலை ஹெச்ஆரிடமிருந்து மெயில் வரும்: "புதிய பெர்மிட்டின் பிரதி அனுப்பவும், இல்லையேல் வேலை அட்டவணையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும்." படித்ததும் வயிறு கலங்கும். அந்த மெயில் வரும் முன்பே நீங்கள் அனுப்பிவிடுங்கள்.

இணையத்தில் விண்ணப்பித்த பிறகு உங்கள் கணக்கின் செய்திகள் பகுதிக்கு ஒரு கடிதம் வரும். அதன் ஃபைல் பெயரிலோ தலைப்பிலோ வொர்க் பெர்மிட் நீட்டிப்பு என்பதைக் குறிக்கும் எழுத்துகள் இருக்கும். நீங்கள் விண்ணப்பித்திருக்கிறீர்கள், முடிவு வரும்வரை வேலை பார்க்கலாம் என்று முதலாளிக்குக் காட்டவே அது தரப்படுகிறது. அதிலும் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி கடந்தும் முடிவு வரவில்லை என்றால் வேலை உரிமை போய்விடாது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை உரிமை தொடர்கிறது. ஹெச்ஆர் இதை நம்பத் தயங்கினால், ஐஆர்சிசியின் உதவி மையப் பக்கத்தில் இதே கேள்விக்கு இருக்கும் பதிலின் இணைப்பை அனுப்புங்கள். நாம் பத்து முறை சொல்வதைவிட அரசாங்கப் பக்கம் ஒருமுறை சொன்னால் எடுபடும்.

கடிதத்தோடு பழைய பெர்மிட்டின் பிரதி, சமர்ப்பித்த தேதி தெரியும் உறுதிப்படுத்தல், கட்டண ரசீது மூன்றையும் சேர்த்து ஒரே மெயிலாக அனுப்பிவிட்டால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

சின் நம்பரும், அதாவது வேலைக்கும் வரிக்கும் தேவைப்படும் சமூகக் காப்பீட்டு எண்ணும், இதில் வந்து சேரும். தற்காலிகமாக இருப்பவர்களின் சின் 9இல் தொடங்கும். அதன் காலாவதி பெர்மிட்டோடு ஒட்டியது. புதிய பெர்மிட் வந்ததும் சர்வீஸ் கனடாவில் தேதியைப் புதுப்பிக்க வேண்டும். எண் மாறாது, தேதி மட்டும்தான் மாறும். ஒன்டாரியோவில் ஓஹிப் அட்டை (மாகாண மருத்துவக் காப்பீட்டு அட்டை) முடிந்துவிட்டால், ஏஓஆர் கடிதத்தையும் முதலாளியின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு சர்வீஸ்ஒன்டாரியோவுக்குப் போய்க் கேளுங்கள். பிஆருக்கு விண்ணப்பித்து, தகுதி உறுதிசெய்யப்பட்டவர்களுக்கும் அங்கே இடம் உண்டு.

ஏஓஆர் வரும் முன்பே பெர்மிட் முடிகிறது என்றால்

இதுதான் கடினமான நிலை. ஒரே மருந்து எல்லோருக்கும் பொருந்தாது. உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிஎன்பி நாமினேஷன் கிடைத்துவிட்டது, ஆனால் ஏஓஆர் தாமதம் (எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு வெளியே இருக்கும் பிஎன்பியில் இது சகஜம்) அல்லது நாமினேஷனில் முதலாளிக் கட்டுப்பாடு இருக்கிறது என்றால், மாகாணத்திடம் வொர்க் பெர்மிட்டுக்கான ஆதரவுக் கடிதம் கேளுங்கள். அதை வைத்து எல்எம்ஐஏ இல்லாமலே, அந்த முதலாளிக்கான குளோஸ்டு பெர்மிட் வாங்கலாம். முதலாளி, ஐஆர்சிசியின் முதலாளிகளுக்கான போர்ட்டலில் வேலை வாய்ப்பைப் பதிவு செய்து 230 டாலர் கட்ட வேண்டும். அது முதலாளி கட்டும் பணம், உங்களிடமிருந்து வாங்கக் கூடாது.

நாமினேஷனும் இல்லை, அழைப்பும் வரவில்லை என்றால் எல்எம்ஐஏ. முதலாளிக்கு ஒரு பணியிடத்துக்கு 1,000 டாலர் கட்டணம், விளம்பரம், நீண்ட காத்திருப்பு. நல்ல முதலாளி செய்வார். அந்த 1,000 டாலரையும் தொழிலாளியிடம் வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை. இருபதாயிரம், முப்பதாயிரம் கொடுத்தால் எல்எம்ஐஏ வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது வியாபாரமே இல்லை, குற்றம். 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக்கான கூடுதல் புள்ளிகளையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே "புள்ளியும் ஏறும்" என்ற பழைய ஆசைவார்த்தையும் செல்லாது.

பிரெஞ்சு பேசத் தெரிந்தவர்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது, நம்மவர்களில் பாண்டிச்சேரியிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்தவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. கியூபெக்குக்கு வெளியே வேலை, பிரெஞ்சில் பேசுவதும் கேட்டுப் புரிந்துகொள்வதும் கனடாவின் மொழித் தேர்ச்சி அளவுகோலில் 5ஆம் நிலை அளவுக்கு இருந்தால், ஃபிராங்கோஃபோன் மொபிலிட்டி என்ற பிரிவில் எல்எம்ஐஏ இல்லாமல் பெர்மிட் கிடைக்கும். வேலையே பிரெஞ்சில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

கணவனோ மனைவியோ தகுதியுள்ள வேலையில் இருந்தால் அவர் வழியாக ஓபன் பெர்மிட் கிடைக்குமா என்றும் பாருங்கள். 2025 ஜனவரி 21 முதல் இதைச் சுருக்கிவிட்டார்கள்: உயர் திறன் வேலைகள் (டீயர் என்ற அரசாங்க வேலைத் தரவரிசையில் 0, 1), டீயர் 2, 3இல் குறிப்பிட்ட சில வேலைகள், அதுவும் அவர் பெர்மிட்டில் இன்னும் 16 மாதமாவது மிச்சம் இருந்தால். பிஆரை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பவர்களின் துணைக்கு இந்தச் சுருக்கம் பொருந்தாது என்று அறிவித்திருக்கிறார்கள்.

இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை என்றால் பெர்மிட் முடியும் நாளில் வேலையை நிறுத்துங்கள். கசப்பான வரிதான், ஆனால் சுற்றி வளைக்க முடியாதது. ஓரிரு மாதச் சம்பளத்துக்காக அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் அது டாக்ஸ் பேப்பரில் பதிவாகும். ஐஆர்சிசி கேட்கும்போது மறைக்க முடியாது. பல ஆண்டு உழைத்த பிஆர் ஃபைலே ஆட்டம் காணும்.

தேதி தவறிவிட்டால்: 90 நாள்

பெர்மிட் முடிந்துவிட்டது, எதுவும் போடவில்லை, அல்லது போட்ட நீட்டிப்பு நிராகரிக்கப்பட்டுவிட்டது என்றால் அந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் அந்தஸ்து மீட்புக்கு விண்ணப்பிக்கலாம். மீட்புக் கட்டணம் தனி, புதிய பெர்மிட்டுக்கான 255 டாலர் தனி. இந்தக் காலத்தில் ஏஓஆர் வந்துவிட்டால் மீட்போடு பிரிட்ஜிங் பெர்மிட்டும் கேட்கலாம். ஆனால் இது மெயின்டெய்ன்டு ஸ்டேட்டஸ் இல்லை. மீட்பு முடிவாகி பெர்மிட் கைக்கு வரும்வரை ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்கக் கூடாது. பார்த்தால் மீட்புக்கான தகுதியையே கெடுத்துக்கொள்கிறீர்கள். 91ஆம் நாள் ஆகிவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடும். அப்போது உரிமம் பெற்ற வழக்கறிஞரிடம் போவதைத் தவிர வேறு யோசனை என்னிடம் இல்லை.

ஸ்பான்சர் வழியில் காத்திருப்பவர்கள்

கணவனோ மனைவியோ ஸ்பான்சர் செய்து, நீங்கள் கனடாவிலேயே அவரோடு வாழ்ந்தால், ஏஓஆர் வந்ததும் ஓபன் வொர்க் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதே ஐஎம்எம் 5710, அதே 255 டாலர். முதல் கட்ட ஒப்புதல் வரும்வரை காத்திருக்கும் பழைய கதை இப்போது இல்லை.

குடும்பத்தில் மற்றவர்கள்

பிரிட்ஜிங் பெர்மிட் முதன்மை விண்ணப்பதாரருக்கு மட்டும். உங்கள் பெர்மிட் நீண்டுவிட்டதால் மனைவியுடையதும் பிள்ளைகளுடையதும் தானாக நீளாது. ஒவ்வொருவருக்கும் தனித் தேதி, தனி விண்ணப்பம். அப்பாவின் பெர்மிட் பரபரப்பில் பிள்ளையின் விசிட்டர் ரெக்கார்டு (விசிட்டராகத் தங்க அனுமதிக்கும் தாள்) முடிந்துபோனதை யாரும் கவனிக்காமல் விடுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. எல்லோருடைய தேதியையும் ஒரே தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள்.

புதிய பெர்மிட் கைக்கு வந்ததும்

பெயர், பிறந்த தேதி, காலாவதி, கீழே இருக்கும் நிபந்தனைகள் நான்கையும் அன்றைக்கே படியுங்கள். பிரிட்ஜிங் பெர்மிட் பொதுவாக 24 மாதம் வரை தரப்படும், பாஸ்போர்ட் இடம் கொடுத்தால். பிழை இருந்தால் திருத்தக் கேட்க வழி உண்டு. பெர்மிட் தபாலில்தான் வரும் என்பதால் வீடு மாறினால் முகவரியைப் பெர்மிட் விண்ணப்பத்திலும் பிஆர் விண்ணப்பத்திலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். ஒன்றில் மாற்றியது மற்றதில் தெரியாது.

ஓபன் பெர்மிட் வந்த சந்தோஷத்தில் வேலையை மாற்றும் முன் ஒரு நிமிடம். கனடிய அனுபவப் பிரிவில் (சிஇசி) விண்ணப்பித்தவர்களுக்கு முதலாளியை மாற்றுவதால் பெரும்பாலும் பிஆருக்குப் பாதகமில்லை. மாகாணம் உங்களை ஒரு குறிப்பிட்ட முதலாளியின் வேலையை வைத்து நாமினேட் செய்திருந்தால் நிலைமை வேறு: பெர்மிட் அனுமதிக்கும், ஆனால் மாகாணம் நாமினேஷனைத் திரும்பப் பெறலாம். நாமினேஷன் போனால் பிஆரும் போகும். அதிக சம்பளம் கூப்பிட்டாலும் முதலில் மாகாணத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

புதிய பெர்மிட், காலாவதியான விசாவை உயிர்ப்பிக்காது. ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதற்குத் தனியாக விண்ணப்பித்துப் பாஸ்போர்ட்டில் புதிய விசா ஒட்டி வாங்க வேண்டும்.

யாரிடம் உதவி கேட்பது என்றால்: மாகாண வழக்கறிஞர் சங்கத்தில் பதிவான வழக்கறிஞர், அல்லது குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் பதிவேட்டில் பெயர் உள்ள ஆலோசகர். அந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர் அங்கே இல்லை என்றால், அவர் உங்கள் ஊர்க்காரராகவே இருந்தாலும், உங்கள் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

பிஆர் வந்த நாள்

ஐஆர்சிசி போர்ட்டலில் மின்னணு உறுதிச் சான்று வந்து, அதில் இருக்கும் தேதியிலிருந்து நீங்கள் நிரந்தர வசிப்பாளர். அன்றிலிருந்து வொர்க் பெர்மிட் தேவையில்லை. அந்தச் சான்றைக் காட்டி சர்வீஸ் கனடாவில் 9இல் தொடங்காத புதிய சின் வாங்கி ஹெச்ஆரிடம் கொடுங்கள். சம்பளப் பதிவும் வரிப் பதிவும் புதிய எண்ணுக்கு மாற வேண்டும். பிஆர் கார்டு தபாலில் வரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகும். விமானத்தில் கனடாவுக்குத் திரும்ப அந்தக் கார்டைத்தான் கேட்பார்கள் என்பதால், அது கைக்கு வந்தபின் ஊருக்கு டிக்கெட் போடுங்கள்.